உட்காராத மெம்பர்

"நைனா, உக்காந்துகினே பேசலாமே," என்று பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட் நூர் முகமது மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

வீரராகவன் உட்காரவில்லை. உட்கார முடியாது. பெஞ்சில் எந்த இடம் படுமோ சரியாக அந்த இடத்தில், வலது பக்கம், அவருக்கு ஒரு கட்டி கிளம்பியிருந்தது. சனிக்கிழமை சுண்டைக்காய் அளவில் இருந்தது, திங்கட்கிழமை காலையில் எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது. இதை ஊர்ப் பெரியவர்கள் கூடிய சபையில் எப்படிச் சொல்வது?

"நின்னுகினேதான் பேசுவேன்," என்றார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம். ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் இருந்த நொச்சிப்பேட்டுச் சாவடியில் அன்று மெம்பர்கள் ஐந்து பேரும் கூடியிருந்தார்கள். ஊர் தர்மாஸ்பத்திரியைப் பற்றி மேலிடத்திலிருந்து கடுதாசி வந்திருந்தது. ஆஸ்பத்திரிச் செலவில் பாதியை இனி ஊர் வரியிலிருந்து கொடுக்க வேண்டும். முடியாதென்றால் அடுத்த மாதத்தோடு மூடிவிடுவோம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் தேவை.

மூடச் சொன்ன கட்சிக்கு வீரராகவன் தலைவர். கோவில்பதாகை ஏரிக்கரையில் அவருக்கு இரண்டு செங்கல் சூளைகள். பதினைந்து வயதில் அதே கரையில் தலையில் கல் சுமந்தவர். யாரிடமும் எதையும் சும்மா வாங்கியதில்லை, யாருக்கும் எதையும் சும்மா கொடுத்ததுமில்லை. இனாம் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே முகம் சிவந்துவிடும். கோபம் அவருக்குப் பசி மாதிரி, வேளை தவறாமல் வரும்.

மூடக்கூடாது என்ற கட்சிக்கு நாகேந்திரன் வாத்தியார் தலைவர். பென்ஷன் வாங்கும் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். இருவருக்கும் கை தூக்க ஆளுக்கு ஒரு மெம்பர் உண்டு. வீரராகவன் பக்கம் அவருடைய மைத்துனன். வாத்தியார் பக்கம் அவரிடம் படித்த ஒரு மளிகைக் கடைக்காரர். இரண்டுக்கு இரண்டு. நடுவில் நூர் முகமது. பூந்தமல்லியில் தோல் மண்டி வைத்திருப்பவர். யார் மனமும் நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எல்லார் மனத்தையும் நோகடித்துவிடுவார்.

"ஓசி மருந்துக்கு இன்னா மதிப்பு?" என்றார் வீரராகவன். "காச்சல்னு போனா அந்தச் செவப்புத் தண்ணி. கால் ஒடஞ்சி போனாலும் அதே செவப்புத் தண்ணி. டாக்டரு செவ்வா, வெள்ளி ரயில்ல வர்றாரு, அடுத்த ரயிலப் புடிச்சிப் பூடறாரு. அதுக்கு நம்ம வரிப்பணமா? கடைத்தெருவுல டாக்டர் பரந்தாமன் கீறாரு. காசு குடு, வைத்தியம் பாத்துக்கோ. அவர் சரியாப் பாக்கலன்னா நாளைக்கி எவன் போவான்? அந்த பயம் கீது பாரு, அதான் வைத்தியம்."

"காசு இல்லாதவன் என்ன செய்வான்? சாவானா?" என்று கேட்டார் நாகேந்திரன்.

"ஒழைக்கட்டும்."

"உழைச்சுத்தான் உன் சூளையில கையை வேக வெச்சுக்கறாங்க."

வீரராகவனுக்குச் சுருக்கென்றது. கட்டியும் அதே நேரத்தில் விண்ணென்று தெறித்தது. இரண்டு வலியும் சேர்ந்து ஒரே கோபமாக மேலே ஏறியது.

"முதல்ல உட்காரு, வீரராகவா. உட்கார்ந்தா கோபம் குறையும்," என்றார் வாத்தியார்.

"உக்கார மாட்டேன். இந்தத் தண்டச் செலவை நிறுத்தற வரைக்கும் நான் எங்கியும் உக்கார மாட்டேன். இது சத்தியம்."

சாவடிக்கு வெளியே நின்ற கூட்டம் கை தட்டியது. வாய் தவறி வந்த வார்த்தை. ஆனால் கை தட்டிய பிறகு அதைத் திரும்ப வாங்க முடியாது. முடிவை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவிட்டு நூர் முகமது எழுந்தார். உச்சிப்பொழுதுக்குள் மெம்பர் வீரராகவன் ஊருக்காக உட்காராமல் இருக்கிறார் என்ற செய்தி திருநின்றவூர் வரைக்கும் போய்விட்டது.

வீட்டில் அவர் மனைவி தாட்சாயிணி சோற்றுத் தட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"சத்தியம் பண்ணிட்டு வந்துகிறியாமே. நின்னுகினே துன்னு."

"கிண்டல் பண்ணாத."

"ரெண்டு நாளா நானும் பத்து போட்டுப் பாக்கறேன், பழுக்கவும் மாட்டேங்குது, அமுங்கவும் மாட்டேங்குது. தர்மாஸ்பத்திரிக்குப் போனா ஒரே கீறல்ல எடுத்துருவாங்களாம். போய்ட்டு வந்துரேன்."

"அந்தப் படிய மிதிக்கறதுக்கு இந்தக் கட்டியோடயே செத்துப் போவேன்."

"கட்டியில யாரும் சாவ மாட்டாங்க. வீம்புலதான் சாவாங்க," என்று சொல்லிவிட்டு அவள் குழம்புக்குப் போனாள்.

அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீரராகவன் டாக்டர் பரந்தாமனின் கிளினிக்குக்குப் போனார். போன வருஷம் இந்தக் கிளினிக்கைத் திறந்து வைத்ததே அவர்தான். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பளபளவென்று கண்ணாடி பீரோ, சுவரில் மனிதக் குடலின் வர்ணப்படம், தேக்கு நாற்காலி. நாற்காலியைப் பார்த்ததும் வீரராகவனுக்குக் கண்ணில் நீர் வந்தது.

காக்கி அரை நிஜார் போட்ட ஓர் ஆள் ஊசியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தான். முனியன் என்று பெயர். ஒல்லியானவன், அதிகம் பேசாதவன். பரந்தாமன் கட்டியைத் தொடாமல், இரண்டு முழம் தள்ளி நின்று பார்த்தார்.

"அறுத்து உட்ரு சாமி," என்றார் வீரராகவன்.

"அறுக்கறதெல்லாம் அந்தக் காலம் சார். இப்ப ஜெர்மனியில எல்லாமே இன்ஜெக்ஷன்தான். ஆறு ஊசி. தினம் ஒண்ணு. தானே அமுங்கிடும்."

வலது பக்கம் இடமில்லாததால் இடது பக்கம் ஊசி ஏறியது. இரண்டு ரூபாய். சந்தோஷமாகக் கொடுத்தார். காசு கொடுத்தால் வலிகூட மரியாதையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஊசி போட்ட இடம் வீங்கிக்கொண்டது. இதுவரை ஒருக்களித்தாவது படுத்தவர், இப்போது குப்புறத்தான் படுக்க முடிந்தது. மாலையில் போய்ச் சொன்னார். "மருந்து வேலை செய்யுது," என்று பரந்தாமன் இன்னொரு ஊசி போட்டார். புதன்கிழமை இரண்டு பக்கமும் சமமாக வீங்கி, காய்ச்சலும் கண்டுவிட்டது. சூளைக்குப் போனால் ஆட்கள் கும்பிட்டார்கள். "நம்ம மொதலாளி மூணு நாளா உக்காரல பாரு," என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் மாலை வாங்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போனார். அவரை வெட்டிப் போடலாம் என்று வீரராகவனுக்கு ஆத்திரம் வந்தது.

புதன் மாலை அவர் பரந்தாமனின் மேஜையில் கையால் அடித்தார்.

"அறுக்கறியா, இல்லியா?"

"அவசியம் அறுக்கணும்னா மெட்ராஸ்ல என் சிநேகிதர் ஒருத்தர் நர்சிங் ஹோம் வெச்சிருக்கார். அறுபது ரூபாய்ல முடிச்சுடுவார். டாக்ஸி தனி. நான் லெட்டர் தரேன்."

"மெட்ராஸ் வரைக்கும் டாக்ஸில நான் நின்னுகினே வரணுமா?"

பரந்தாமன் யோசித்தார். "கவுந்து படுத்துட்டு வரலாம்," என்றார்.

வெளியே வந்து கடைத்தெருவில் நின்றபோதுதான் வீரராகவனுக்கு விஷயம் பிடிபட்டது. அவரும் வியாபாரிதான். கட்டியை அறுத்தால் ஒரு நாளோடு போயிற்று. ஊசி என்றால் ஆறு நாள். மெட்ராஸுக்கு அனுப்பினால் அங்கிருந்து இங்கே ஒரு பங்கு. அரை வேக்காட்டுக் கல்லைத் வாங்குகிறவன் தலையில் கட்டுகிறவர்கள் எத்தனை பேரை அவர் பார்த்திருக்கிறார். இன்று அவரே அப்படி ஏமாந்து நிற்கிறார். நேற்று வரை அவர் மெச்சிக்கொண்டிருந்த அந்த பயம் இந்த மனுஷனுக்கு ஏன் இல்லை? ஏனென்றால், இந்த வாடிக்கையாளர் எங்கேயும் ஓடிவிட மாட்டார் என்று அவனுக்குத் தெரியும். சபையில் சத்தியம் பண்ணியவர் ஆயிற்றே. தர்மாஸ்பத்திரிப் படியை அவர் எப்படி மிதிப்பார்?

வியாழக்கிழமை காலை வீரராகவன் மிதித்தார்.

தலையில் துண்டை முக்காடாகப் போட்டு, மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, வேலிப்பக்கமாகச் சுற்றி வந்து சேர்ந்தார். வராந்தாவில் முப்பது பேர் குந்தியிருந்தார்கள். சன்னலுக்கு உள்ளே கம்பவுண்டர் உலகநாதன் ஒரு தடித்த ரெஜிஸ்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பத்து வருஷமாக அதே சன்னல். நோயாளியின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் அவருக்கு எப்போதோ விட்டுப் போயிருந்தது.

"பேரு?"

வீரராகவன் விழித்தார். வாயில் வந்த பெயரைச் சொன்னார். "நாகேந்திரன்."

"வயசு?"

"நாப்பத்தெட்டு."

"எங்க?"

குரலைத் தாழ்த்திச் சொன்னார். உலகநாதன் முகம் மாறாமல் எழுதிக்கொண்டார்.

"பாட்டில் கொண்ணாந்தியா?"

"கட்டிக்கு இன்னாத்துக்குப் பாட்டிலு?"

"மிக்சருக்கு."

"எனக்கு மிக்சர் வாணாம். அறுக்கணும்."

"மிக்சர் இல்லாம சீட்டு எழுத ரூல் இல்ல. அறுக்கறது டாக்டர் வர்ற அன்னிக்குத்தான். நாளைக்கு வா."

"நாளைக்கி வரைக்கும் தாங்காது. அவசரம்."

"அவசரம்னா எப்ப வேணா பாக்கலாம். ஆனா அவசரம்னு டாக்டர் சர்டிபை பண்ணணும்."

"டாக்டர் எங்க?"

"நாளைக்கு வருவாரு."

வீரராகவன் சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இந்தக் கட்டடத்தையே பிடுங்கி ஏரியில் போட வேண்டும் போல் இருந்தது. தான் திங்கட்கிழமை பேசியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்று நினைத்தார். அந்த நினைப்பு கட்டியை ஒன்றும் செய்யவில்லை.

"நைனா?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

அவர் சூளையில் கல் அடுக்கும் கன்னியம்மாள். வலது கையில் முழங்கை வரைக்கும் பழைய துணி சுற்றியிருந்தாள். துணிக்கு மேல் ஈக்கள்.

"கத்தாத," என்றார் வீரராகவன் முக்காட்டுக்குள்ளிருந்து. "கைக்கு இன்னா?"

"உன் சூளையிலதான். ஞாயித்துக்கெழம, வெந்த கல்லு மூட்டம் பிரிக்கசொல்லோ. பரந்தாமன் டாக்டராண்ட போனேன். மொதல்ல ரூவாய மேஜை மேல வையின்னாரு. எனக்கு நாள் கூலி மூணணா. திரும்பி இங்க வந்தேன். செவ்வாக்கெழம டாக்டரு நாப்பது பேரப் பாத்துட்டு ரயிலுக்கு நேரமாச்சுன்னு பூட்டாரு. நான் நாப்பத்திமூணாவது ஆளு."

"மூணு பேருக்காவா?"

"ஆமா." அவள் அவரையே பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "நைனா, இத்த மூடணும்னு சொல்றியாமே. அங்க ரூவா இல்லன்னு தொரத்தறாங்க. இங்க நேரம் இல்லன்னு தொரத்தறாங்க. இங்கன்னா நாளைக்கி வான்னு சொல்றதுக்காவது ஒரு ஆளு கீறான். மூடிட்டா நான் எங்க போய் குந்துவேன்?"

வீரராகவன் இடுப்பில் சொருகியிருந்த ஒரு ரூபாயை எடுத்து நீட்டினார்.

கன்னியம்மாள் வாங்கவில்லை. "இன்னிக்கி எனக்குக் குடுப்ப. அடுத்த வாரம் வேற ஒருத்தி கை வேகும்," என்றாள்.

வீரராகவன் முக்காட்டைப் பிடுங்கி எறிந்தார். சன்னலில் ஓங்கி ஒரு தட்டு.

"யோவ் கம்பவுண்டர். தலையைத் தூக்கிப் பாருய்யா மனுசன."

உலகநாதன் பத்து வருஷத்தில் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். தூக்கியவர் எழுந்து நின்றுவிட்டார். எதிரே நிற்பது மூடச் சொல்லும் கட்சித் தலைவர். நாளைக்கு ஓட்டு.

"மெம்பர் சார். நீங்களா? சொல்லியிருக்கக் கூடாதா? உள்ள போங்க சார், உள்ள போங்க. டாக்டர்... டாக்டர் இப்பத்தான் வந்தாரு. பின்பக்கமா வந்தாரு."

"இப்ப இல்லன்ன?"

"இப்ப வந்துட்டாரு சார்."

பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு மர மேஜை. அங்கே தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தவன் முனியன்.

"நீ பரந்தாமன் ஆளு இல்ல? இங்க இன்னா பண்ற?" என்று வீரராகவன் அதட்டினார்.

"காலைல இங்க பியூனுங்க. சாயந்திரம் அங்க. எட்டு ரூவா சம்பளத்துல இன்னா பண்றதுங்க?" என்றான் முனியன். "குப்புறப் படுங்க நைனா. மூஞ்சிய அந்தப் பக்கம் வையுங்க."

வீரராகவன் குப்புறப் படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார். பூட்ஸ் சத்தம் கேட்டது. திரை விலகிற்று. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். குளிர்ந்த பஞ்சு பட்டது. பிறகு ஒரே ஒரு கீறல். எண்ணி மூன்று விநாடி. வலி என்று ஒன்று அவர் உடம்பில் இருந்ததா என்ன என்று கேட்கும்படி எல்லாம் வடிந்து போயிற்று. வீரராகவனுக்குத் தாயைப் பார்த்த குழந்தை மாதிரி அழுகை வந்தது. தலையணை இல்லாததால் மேஜையைக் கடித்துக்கொண்டு அழுதார்.

துடைத்து, கட்டுப் போட்டு, எழுந்து திரும்பியபோது முனியன் மட்டும் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"டாக்டர் எங்க? ஒரு கும்புடு போடணும்."

"அவருக்கு அதெல்லாம் புடிக்காதுங்க."

வெளியே வந்தால் கன்னியம்மாள் அதே இடத்தில் குந்தியிருந்தாள்.

"இந்தப் பொம்பளைய உள்ள அனுப்பு," என்றார் வீரராகவன் உலகநாதனிடம்.

"டாக்டர் போயிட்டாரே சார்."

"எப்பய்யா போனாரு?"

"இப்பத்தான் சார். பின்பக்கமா."

வீரராகவன் சன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். தனக்கு மட்டும் பின்பக்கம் வந்து பின்பக்கம் போகிற டாக்டர். அதன் காரணம் குழந்தைக்குக்கூடத் தெரியும். அன்று முழுக்க அவருக்கு ஒரு பருக்கை இறங்கவில்லை. மாலைக்குள் ஊசி வீக்கமும் வற்றிவிட்டதால் இப்போது உட்கார முடியும். ஆனால் ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. குணமான இடத்தை வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் சாவடி நிரம்பி வழிந்தது. உட்காராத மெம்பரைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்திருந்தார்கள். ரெஜிஸ்டரோடு கம்பவுண்டர் உலகநாதன் ஒரு பக்கம், கோட்டு சூட்டோடு பரந்தாமன் ஒரு பக்கம். இருவருக்கும் பொதுவாகத் தண்ணீர்க் கூஜாவோடு முனியன். டாக்டரின் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்ததால் வாசலில் கன்னியம்மாள்.

நூர் முகமது ஆரம்பிப்பதற்குள் வீரராகவன் சொன்னார். "ஆஸ்பத்திரிய மூடக் கூடாது."

கை தட்டத் தூக்கிய கைகள் அந்தரத்தில் நின்றன.

"மச்சான்," என்று மைத்துனன் அவர் காதில் கிசுகிசுத்தான், "நம்ம கச்சி மூடறதுதானே?"

"நேத்து வரைக்கும்."

அதே நேரத்தில் நாகேந்திரன் வாத்தியார் எழுந்தார். அவருடைய வலது கைக் கட்டைவிரலில் பெரிய வெள்ளைக் கட்டு. "மூடித்தான் ஆகணும்," என்றார்.

மளிகைக் கடைக்காரருக்கு வாய் பிளந்துகொண்டது.

"நகச்சுத்தி," என்று வாத்தியார் கையைத் தூக்கிக் காட்டினார். "திங்கள், செவ்வாய், புதன், மூணு நாள் தர்மாஸ்பத்திரி வராந்தாவில நின்னேன். முப்பது வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் நான். நகச்சுத்திக்கு மிக்சர் குடுக்கறான். பாட்டில் கொண்டு வரலைன்னு திருப்பி அனுப்பறான். நேத்து சாயந்திரம் வெட்கத்தை விட்டுப் பரந்தாமன்கிட்டப் போனேன். திரைக்குள்ள கையை நீட்டுங்கன்னார். நீட்டினேன். ஒரே கீறல். ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன்."

வீரராகவன் மெதுவாகப் பரந்தாமன் பக்கம் திரும்பினார். "அறுக்கறது அந்தக் காலம்னு என்னாண்ட சொன்ன? எனக்கு ஆறு ஊசி, அவருக்கு ஒரு கீறலா?"

பரந்தாமன் கூரையைப் பார்த்தார்.

"என் ஓட்டு உன் பாக்கெட்ல கீது, அவர் ஓட்டு இல்ல. அதானே?"

"காசு குடுத்தேன், வைத்தியம் பார்த்தார்," என்றார் வாத்தியார். "அந்த பயம் இருக்கு பார், அதுதான் வைத்தியம்."

"காசு இல்லாதவன் இன்னா செய்வான்? சாவானா?" என்று வீரராகவன் கத்தினார்.

"உழைக்கட்டும்."

திங்கட்கிழமை பேசியதை ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பிடுங்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மைத்துனனும் மளிகைக் கடைக்காரரும் எந்தப் பக்கம் கை தூக்குவதென்று தெரியாமல் கையின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

"அந்த ரெஜிஸ்டரைக் கொண்டா," என்றார் வாத்தியார். "மூணு நாள் என்னைக் காக்க வெச்ச லட்சணத்தைப் படிச்சுக் காட்டறேன்." கம்பவுண்டரிடமிருந்து பிடுங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கத்தைத் திருப்பி உரக்கப் படித்தார். "வியாழக்கிழமை. நாகேந்திரன். வயது நாற்பத்தெட்டு. பிருஷ்டத்தில் கட்டி. அறுத்து, குணம்."

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எனக்கா? எனக்கு எங்கய்யா கட்டி?"

"ரெஜிஸ்டர்ல இருந்தா இருக்கும் சார்," என்றார் உலகநாதன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது பரவிற்று. வாத்தியார் கட்டைவிரலை உயர்த்தி, "என் நோய் இங்கே, அங்கே இல்லை," என்று நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் காட்ட வேண்டியதாயிற்று. அறுபது வயது மனிதர். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் கலங்கியதை வீரராகவன் பார்த்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"அது நான்," என்றார். "பேரை மாத்திச் சொன்னேன். கட்டி எனக்குத்தான்."

"அப்ப சத்தியம்?" என்று வாசலிலிருந்து ஒருவன் கேட்டான்.

"சத்தியம் இல்லடா. கட்டி."

சொல்லிவிட்டு வீரராகவன் உட்கார்ந்தார். ஐந்து நாளைக்குப் பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார். ஊர் சிரித்து முடிக்கும் வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மாலை போட்ட ஆள் மாலைக்குக் கொடுத்த காசை நினைத்தபடி வெளியேறினார்.

"சிரிச்சிட்டீங்களா?" என்றார் பிறகு. "இப்ப கேளுங்க. தர்மாஸ்பத்திரிக்காரன் எனக்கு ஏன் அறுத்தான்? நான் நோயாளின்றதுக்காவா? என் மூஞ்சியப் பாத்தான், ஓட்டு தெரிஞ்சிது. வாத்தியாருக்கு இவன் ஏன் அறுத்தான்? அதே ஓட்டு. அந்த வாசல்ல நிக்கறா பாருங்க, கன்னியம்மா. என் சூளையில வெந்த கை. ஆறு நாளாச்சு. அவளுக்கு ஓட்டு இல்ல. அதனால எந்தக் கத்தியும் அவ பக்கம் திரும்பல. எவன்டா இதுல யோக்கியன்? நான் உள்பட எவன் யோக்கியன்?"

கன்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருந்தாலும் சொல்றேன்," என்றார் வீரராகவன். "என்னை அறுத்த அந்த சர்க்கார் டாக்டரு கை தங்கமான கை. மூணு விநாடி. அந்த மாதிரி ஒரு கைய வெச்சிகினு மூடறதா? வாரம் ஆறு நாள் வரச் சொல்லிக் கேப்போம். பாதி செலவ நான் தரேன்."

"நீ பரந்தாமன் கை பட்டதில்லை, அதனால் பேசறே," என்றார் வாத்தியார். "பூ மாதிரி கை. அவரை ஊருக்கே சம்பளத்துக்கு வெச்சுப்போம். பென்ஷன்ல நான் தரேன்."

"சர்க்கார் கைதான்."

"பரந்தாமன் கைதான்."

நூர் முகமது இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து எடுத்தார். அப்போதும் அதே சண்டை.

"போதும்," என்றார். "யார் மனசும் நோவாம ஒரு வழி சொல்றேன். முனியா, இங்க வா. நீ காலைல அங்க நிக்கற, சாயந்திரம் இங்க நிக்கற. ரெண்டு டாக்டரும் அறுக்கறதப் பக்கத்துல நின்னு பாத்தவன் நீ ஒருத்தன்தான். எந்தக் கை நல்ல கைன்னு சொல்லு. நீ சொல்ற கைக்கு என் ஓட்டு."

கம்பவுண்டர் உலகநாதனுக்கும் டாக்டர் பரந்தாமனுக்கும் ஒரே சமயத்தில் இருமல் வந்தது.

முனியன் கூஜாவைக் கீழே வைத்தான். துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"அவங்க ரெண்டு பேரும் அறுத்து நான் பாத்ததே இல்லீங்க, சாயபு," என்றான். "நைனாவுக்கும் வாத்தியாருக்கும் அறுத்தது நான்தானுங்களே."